ஆல்பத்தில் இல்லாத பற்கள்

மார்த்தாண்டத்தில் பிரிஜா வேலை செய்யும் ஸ்டுடியோவில் ஒரு கோணல் பல்லை நேராக்க நான்கு நிமிடம் ஆகும். முன்பற்கள் எடுப்பாக இருந்தால் பத்து நிமிடம். பல்லை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது. மேலுதடு அதற்கேற்ப இறங்க வேண்டும், உதட்டின் கீழே விழும் நிழலும் மாற வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண ஆல்பம் செய்கிறவளுக்கு அது யோசிக்காமல் கை செய்கிற வேலை. மணப்பெண்கள் யாரும் கேட்பதில்லை. ஆல்பம் கைக்கு வந்ததும் தங்கள் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு பல் மருத்துவமனையின் விளம்பரத் தாளை அமைத்துக் கொடுக்கும் வேலை அவளிடம் வந்தது. ஒரே பெண்ணின் இரண்டு படங்கள், மூக்குக்குக் கீழே மட்டும். முதல் படத்தில் முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. இரண்டாவதில் எல்லாம் வரிசையாக உள்ளே இருந்தன. வயது நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. பிரிஜா இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிதாக்கினாள். எங்கேயாவது வேலை செய்த தடம் தெரியும், நிழல் ஒரு இடத்திலாவது பொருந்தாது. அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மருத்துவமனைக்குப் போன் செய்து, எடிட் பண்ணாத படத்தை அனுப்பச் சொன்னாள்.

போனை எடுத்தது டாக்டர் ஆன்ஸ்லினே. அவர் சிரித்துவிட்டார்.

"அதுதாம்மா ஒரிஜினல். என்ன, அதை எடிட் பண்ண ரெண்டு வருஷம் ஆச்சு."

 பிரிஜாவின் பற்களும் அந்த முதல் படத்தில் இருந்தவை போலத்தான். முன்பற்கள் நான்கும் வெளியே வந்து, வாயை மூடினாலும் உதட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். சிரிப்பு வரும் முன்னால் அவள் வலது கை வாய்க்கு வந்துவிடும். மகள் ஜின்சிக்கு எட்டு வயது. கூட்டாளிகளோடு அம்மா விளையாட்டு விளையாடும்போது அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அம்மாமார் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று குழந்தை நினைத்திருந்தது.

அந்தச் சனிக்கிழமையே அவள் டாக்டரைப் பார்க்கப் போனாள். முப்பத்துநான்கு வயதில் கம்பி கட்ட முடியுமா என்று கேட்டாள். தாராளமாக முடியும் என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு நல்ல பற்களை எடுக்க வேண்டும், அந்த இடத்துக்குத்தான் முன்பற்கள் பின்னால் வரும் என்று விளக்கினார். முதல் இரண்டு பற்களை எடுக்க இரண்டு வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமை குறித்துக் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு. எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. வீட்ல யாரோ வேண்டாம்னு சொல்லி, பாதியில நிறுத்தச் சொல்லி வந்தவங்க இருக்காங்க. அந்த இடைவெளி அப்படியே நின்னுபோகும். நல்லா யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க."

பிரிஜாவின் கணவன் ஜஸ்டஸ் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் மாலை ஆறரைக்குப் போனில் அவன் முகம் வரும், பின்னால் அடுக்குக் கட்டிலின் இரும்புக் கால் தெரியும். அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னாள். வலிக்குமா என்று முதலில் கேட்டான். செலவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, இந்த வயதில் எதற்கு என்று கேட்டான். எனக்கு வேண்டும்போல இருக்கிறது என்றாள்.

"உனக்க பல்லுக்கு இப்பம் என்ன கேடு? எனக்கு அது பழகிப்போச்சே," என்றான் ஜஸ்டஸ்.

அன்பாகத்தான் சொன்னான். உடனே கிணற்று மோட்டார் சரியாகிவிட்டதா என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டான். பிரிஜாவுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சில் நின்றது. மஸ்கட் வெயிலைப் பற்றிக் கேட்டாலும், மெஸ் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் அவன் அதையேதான் சொல்வான். பழகிப்போச்சு. தனக்கு வேண்டியது கிடைக்காத இடத்தில் ஒரு மனிதன் சொல்லும் வார்த்தை அது.

அவளுக்கு அப்படித் தோன்ற ஒரு காரணம் இருந்தது. அதை அவள் ஒன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணம் பேசியபோது ஜஸ்டஸ் மஸ்கட்டில் இருந்தான். பெண் பார்க்க வந்தது அவனுடைய அம்மா ரத்தினமும் அவளுடைய அண்ணன் செல்வதாஸும். செல்வதாஸ் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர், பிரிஜாவின் அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். பெண்ணின் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் தந்தால் பையனுக்கு அனுப்பிவிடலாம் என்றார். பிரிஜா ஸ்டுடியோவில் படம் எடுத்து, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிடம்தான் ஆனது. அதற்கு முன் மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, போய் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள் தகவல் சொல்லவில்லை. இந்த ஒருவனாவது முதலில் சம்மதம் சொல்லட்டும், பிறகு நேரில் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நேரில் பார்ப்பது எப்போது என்று அவள் யோசிக்கவில்லை. ரத்தினத்திடம் அப்போது சாதாரண போன்தான் இருந்தது. படத்தை அவள் பார்க்கவே இல்லை. பெண்ணுக்குப் பல் கொஞ்சம் எடுப்பு, குணம் நல்லது, மகனும் படம் பார்த்துச் சரி என்றுவிட்டான் என்ற நிம்மதியில் அவள் சபையில் பேர் கொடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு சபைகளிலும் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை சொல்ல இருந்தால் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். ஜஸ்டஸுக்குக் கிடைத்த லீவு குறைவு. அவன் வந்து இறங்கிய சனிக்கிழமைக்குள் இரண்டு ஓலை வாசித்து முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவன் பிரிஜாவின் வீட்டுக்கு வந்தான். அவள் காப்பி கொண்டுவந்தாள். யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கையில் தட்டு இருந்ததால் வாயை மறைக்க முடியவில்லை. அவன் பார்த்தான். அதன் பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு காப்பியை மட்டும் குடித்தான்.

வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் போனைக் காட்டியிருக்கிறான். மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்து முடிந்ததும், சர்ச்சு முற்றத்தில் அத்தனை பேருக்கு நடுவில் ஜஸ்டஸ் தன் தாய்மாமனைக் கள்ளன் என்று சொன்னான். கூட்டாளியின் மகளைத் தள்ளிவிடப் படத்தில் வேலை செய்துவிட்டார் என்று ரத்தினமும் கத்தினாள். தந்ததைத்தான் அனுப்பினேன் என்று செல்வதாஸ் சொன்னது எடுபடவில்லை. கல்யாணத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் போனார். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே ஊரில், ஒரே சபையில், பேச்சில்லாமல் இருந்தார்கள்.

இதெல்லாம் பிரிஜாவுக்குத் தெரிந்தது கல்யாணமாகிப் பதினைந்தாம் நாள். ரத்தினமே சொன்னாள். "அவன் செய்ததுக்கு நீ என்ன செய்வ மக்ளே, நீ ஒண்ணும் மனசுல வைக்காத," என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் பிரிஜா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அப்புறம் ஜஸ்டஸ் மஸ்கட்டுக்குப் போனான், ஜின்சி பிறந்தாள், வருடங்கள் போயின. தன் கல்யாண ஆல்பத்தை அவளே செய்தாள். நாற்பது பக்கத்திலும் பற்களை உள்ளே தள்ளிவைத்தாள், மாப்பிள்ளைக்கு அனுப்பிய படத்தோடு பொருந்த வேண்டுமே என்று. ஸ்டுடியோவில் எல்லா மணப்பெண்ணுக்கும் செய்வதுதானே என்று வீட்டில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

டாக்டரைப் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வரும்போது பிரிஜா மாமியாரிடம் கம்பி கட்டும் விஷயத்தைச் சொன்னாள். ரத்தினம் நடையை நிறுத்தினாள். கட்டிக் கொடுக்க வேண்டிய பிள்ளை வளர்கிற நேரத்தில் அம்மாக்காரிக்குக் கம்பியா, ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். பிறகு குரல் இளகியது. உன்மேல் குற்றமில்லை, அன்றைக்கு உண்மையான படத்தைக் காட்டியிருந்தால் உனக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது என்றாள். பேசிக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தாள். பக்கவாட்டு வாசல் வழியாகச் செல்வதாஸ் வெளியே போய்க்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயது. காதில் கருவி மாட்டியிருந்தார். போன வருடம் பிரிஜாவின் அப்பா இறந்தபோது வந்து, வீட்டுக்குள் நுழையாமல் கேட்டுக்கு வெளியே நின்று, பெட்டி போகும்வரை காத்திருந்துவிட்டுப் போனவர்.

அந்த வாரம் முழுவதும் பிரிஜா வேலையில் தவறு செய்தாள். ஒரு மணப்பெண்ணுக்கு வேறொருத்தியின் தாலியைப் போட்டு அச்சுக்கு அனுப்பப் பார்த்தாள். அவளைத் தொந்தரவு செய்தது பல் பிடுங்கும் பயமல்ல. இரண்டு வருடத்தில் அவளுடைய வாய் அந்தப் படத்தில் இருந்ததைப் போலவே ஆகிவிடும். அப்புறம் அந்தப் படம் பொய் என்று காட்ட உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. அவள் சொன்ன பொய் அவளுக்கு உண்மையாகிவிடும். செல்வதாஸ் மாமா மட்டும் கள்ளனாகவே மிஞ்சுவார்.

வெள்ளிக்கிழமை ஜஸ்டஸுக்கு விடுமுறை. ரத்தினம் பெண்கள் சங்க ஜெபத்துக்குப் போயிருந்தாள், ஜின்சி பள்ளிக்கு. பிரிஜா ஸ்டுடியோவுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே அவனைக் கூப்பிட்டாள். அவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், அந்தப் போட்டோவ மாத்தினது நான்தான். செல்வதாஸ் மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

எந்தப் போட்டோ என்று கேட்டான். உண்மையாகவே அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது குழாயை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஒம்பது வருஷத்துல என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணல்லியா?"

"தோணாத நாளில்ல அத்தான். சொல்லத்தான் பயம்."

"நான் அவர சர்ச்சு முற்றத்துல வச்சு கள்ளன்னு சொன்னேன் பிரிஜா. அப்பன் செத்த பொறவு என்னைப் படிக்க வச்ச மனுஷன."

அவன் குரல் உயரவில்லை. போனை மட்டும் வைத்துவிட்டான்.

அன்று மாலை ஆறரைக்கு அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ரத்தினத்தின் போனில் கூப்பிட்டு ஜின்சியோடு மட்டும் பேசினான். பக்கத்திலேயே பிரிஜா மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குள்ளே சண்டையா, பல்லு விஷயமா என்று ரத்தினம் கேட்டாள். அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு மக்ளே, இந்தப் பல்லோடு நாங்கள் உன்னை ஒரு குறையும் சொல்லவில்லையே என்றாள். அந்த அன்பு பிரிஜாவுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை மதியம் ஸ்டுடியோவில் இருக்கும்போது போன் அடித்தது. அவள் மாடிப்படிக்கு ஓடினாள். ஜஸ்டஸ் வெயிலில் எங்கோ நின்று பேசினான், காற்று இரைந்தது. முகத்தைக் காட்டாத அழைப்பு. சாப்பிட்டாயா என்று கேட்டான். அவளும் கேட்டாள். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள்.

பிறகு, நான்கு நாளாக மனதில் உருட்டி வைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள். "ஓலை வாசிக்காம இருந்திருந்தா நீங்க என்னைக் கட்டியிருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றான் ஜஸ்டஸ்.

அவள் படியில் உட்கார்ந்தாள்.

அவன் மறைக்காமல் சொன்னான். அந்தச் சனிக்கிழமை இரவு கல்யாணம் வேண்டாமென்று அம்மாவிடம் சொன்னதாகவும், இரண்டு சபையில் பேர் வாசித்த பெண்ணை இனி யார் கட்டுவார்கள், உனக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்தால் தெரியும் என்று அம்மா அழுததாகவும், அதற்காக மட்டுமே ஒத்துக்கொண்டதாகவும் சொன்னான். முதல் லீவு முடிந்து போகும்வரை அவனுக்கு மனம் ஒட்டவில்லை. பிரிஜா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். ஒன்பது வருடமாக அவள் பயந்ததெல்லாம் அப்படியே நடந்திருந்தது.

"அடுத்த லீவுக்கு திருவனந்தபுரத்துல வந்து இறங்கினேன்," என்று அவன் தொடர்ந்தான். "ஜின்சி உனக்க இடுப்புல இருந்தா. நான் பைய உன்ட்ட தந்தேன். ரெண்டு கையும் ஒழிவில்ல. என்னப் பாத்ததும் சிரிச்ச. மறைக்க உனக்குக் கை இல்ல."

"ம்."

"அதுக்குப் பொறவு எப்பம் வந்தாலும் பைய உன்ட்டதான் தருவேன். நீ கவனிச்சியா?"

அவள் கவனித்திருந்தாள். டிராலி நிறையப் பெட்டி அடுக்கி அதைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாலும், தோளில் தொங்கும் சின்னப் பையை மட்டும் குழந்தையோடு நிற்கிற பெண்டாட்டியிடம் நீட்டுவான். இந்த மனிதனுக்கு ஒரு விவரமும் இல்லையே என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறாள். ஒருமுறை வாய்விட்டுத் திட்டவும் செய்திருக்கிறாள்.

"அப்பம் கம்பி வேண்டாமா?" என்று கேட்டாள். அழுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"பல்லு உனக்க பல்லு. கட்டுகதும் கட்டாததும் உனக்க இஷ்டம். மாமா விஷயம் அப்படியில்ல. அம்மாட்ட நீயே சொல்லணும், நான் சொல்லமாட்டேன். நான் மாமாகிட்ட என்ன சொல்லணுமோ அத நான் சொல்லிக்கிடுதேன்." போனை வைக்கும் முன் சொன்னான், "எனக்கு இன்னும் கோவம் தீரல்ல, கேட்டியா."

அன்று அவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். ரத்தினம் அடுக்களைப் பின்புறத்தில் மரச்சீனிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பிரிஜா எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். கத்தி பாதிக் கிழங்கில் நின்றது.

"பதினஞ்சாம் நாள் நான் உனக்க தலையத் தடவிச் சொன்னேன், நீ மனசுல வைக்காத மக்ளேன்னு," என்றாள் ரத்தினம் மெதுவாக. "அப்பம் நீ எனக்க முகத்தப் பாத்துட்டுத்தான் இருந்த."

பிரிஜாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

 ரத்தினம் மிச்சக் கிழங்கையும் உரித்து முடித்தாள், வெட்டித் தண்ணீரில் போட்டாள், கை கழுவினாள். வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தாள். வா என்று கூப்பிடவில்லை. பிரிஜா பின்னாலேயே நடந்தாள். ரப்பர் தோட்டத்தின் நடுவே போகிற பாதை, பத்து நிமிட நடை. ஒன்பது வருடத்தில் புதிதாக இரண்டு வீடுகள் வந்திருந்தன. எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று ரத்தினம் ஒரு இடத்தில் தயங்கினாள்.

செல்வதாஸ் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார், எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மருமகள் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ரத்தினம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பாதியில் அவள் நிறுத்த, மீதியைப் பிரிஜா சொன்னாள். அவர் கருவியைக் காதில் சரிசெய்துகொண்டு கேட்டார். முகம் மாறவில்லை. அப்போது உனக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்து என்றாள்.

"உனக்க அப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"நல்லது," என்றார். அப்பாவின் பேரை ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டதுபோல் உதடு அசைந்தது.

ரத்தினம் மன்னிப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"என்னைக் கள்ளன்னு சொன்னது முற்றத்துல வச்சு. இப்பம் எனக்க வீட்ல வந்து இல்லன்னு சொன்னா ஆருக்குக் கேக்கும்? சொல்லணும்னா அங்க வச்சுச் சொல்லட்டு. நான் வேற ஒண்ணும் கேக்கல்ல."

காப்பி வரவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த மூன்று நாள் ரத்தினம் பிரிஜாவோடு பேசவில்லை. சோறு எடுத்து வைத்தாள், ஜின்சிக்குத் தலை பின்னினாள், சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை ஜஸ்டஸ் கூப்பிட்டான். மாமாவோடு பேசினேன், அரைமணி நேரம் நான் மட்டும் பேசினேன், அவர் சரி சரி என்று மட்டும் சொன்னார் என்றான். முற்றத்தில் சொல்லப் போகிறேன் என்றாள். உன்னால் முடியுமா என்று கேட்டான். தெரியவில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளுக்குப் பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. ஆசீர்வாதம் முடிந்து ஜனங்கள் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வதாஸ் பக்கவாட்டு வாசல் வழியாக வந்து மணிமேடை அருகில் நின்றார். ரத்தினம் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேரையும், ஒன்பது வருடத்துக்கு முன் அந்தச் சண்டையை விலக்கிவிட்ட இரண்டு ஆண்களையும் கூப்பிட்டு நிறுத்தினாள். கூப்பிடாதவர்களும் வந்தார்கள். 

அவள் சொல்ல ஆரம்பித்தாள். என் கல்யாணத்துக்குக் கொடுத்த படம் என்று தொடங்கியபோதே வலது கை தானாக எழுந்து வாயை மறைத்துக்கொண்டது. அந்தக் கைக்குள்ளேயே வார்த்தைகள் விழுந்துகொண்டிருந்தன. பின்னால் நின்ற ஒரு பெண், என்ன சொல்கிறாள் என்று பக்கத்தில் கேட்டாள்.

"கைய எடுத்துட்டுச் சொல்லு," என்றார் செல்வதாஸ். "எனக்குக் காது கேக்காது."

பிரிஜா கையை இறக்கினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்க கல்யாணப் போட்டோவ மாத்தினது நான். பல்ல நேராக்கினது நான். மாமாவுக்கு அது தெரியாது, தந்தத கொண்டுபோனாரு, அவ்வளவுதான். அவரக் கள்ளன்னு சொன்னது தப்பு. கள்ளம் செய்தது நான்."

 ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். பார்த்தாயா என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். சண்டை விலக்கியவர்களில் ஒருவர் செல்வதாஸின் தோளில் கைவைத்தார். செல்வதாஸ் தலையை ஒருமுறை அசைத்தார். பிரிஜாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டு, முற்றத்தின் நடுவே நடந்து, முன்வாசல் வழியாக வெளியே போனார். ஒன்பது வருடத்தில் முதல்முறை. ரத்தினம் அவர் வளைவில் மறையும்வரை நின்று பார்த்தாள். திரும்பி வருவார் என்று நினைத்தாளோ என்னவோ, அவர் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் பிரிஜா புறப்பட்டபோது ரத்தினமும் சேலை மாற்றி நின்றாள். பல்லு பிடுங்கினால் தலைசுற்றும், கூட ஆள் வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிரிஜா தன்னையே கேட்டுப் பார்த்தாள், இன்னும் இது வேண்டுமா என்று. படத்தைப்போல் ஆகவேண்டிய அவசியம் இப்போது இல்லை. அந்தப் படம் என்ன என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. விமான நிலையத்தில் பையை நீட்டுகிறவன் எதைப் பார்க்க நீட்டினான் என்பதும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு மாம்பழத் துண்டை நாலுபேர் முன்னால் கடித்துத் தின்ன வேண்டும் என்று அவளுக்குச் சிறுவயதிலிருந்து ஆசை. நேற்று முற்றத்தில் கையை இறக்கியபோது காற்று பற்களில் பட்டது. அந்த ஒரு நிமிடம் அவமானத்தோடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அது மறுபடியும் வேண்டும்போல் இருந்தது.

மருத்துவமனையில் காத்திருக்கும்போது ஜஸ்டஸின் செய்தி வந்தது. பல்லு எடுக்கதுக்கு முன்னே ஒரு போட்டோ அனுப்பு, மாத்தாம.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அவனிடம் அவளுடைய சிரிப்புள்ள படம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆல்பத்தில் இருப்பது வேறொருத்தி. மற்றதிலெல்லாம் கை. தானே எடுக்கப் பார்த்தாள், உதடு தானாக மூடிக்கொண்டது. கடைசியில் போனை ரத்தினத்திடம் நீட்டி, அத்தான் கேட்கிறார், ஒரு படம் எடுத்துத் தாருங்கள் மாமி என்றாள்.

ரத்தினம் போனை வாங்கினாள். அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்ததால் தன் குடையையும் பையையும் எக்ஸ்ரே உறையையும் பிரிஜாவின் கைகளில் திணித்தாள். எட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு விரலை வைத்தாள். போன் திரும்பியிருந்தது. திரையில் தன் முகமே பெரிதாக வந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். பிரிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தினம் முறைத்துக்கொண்டே போனைத் திருப்பி எடுத்துவிட்டாள்.

படம் கொஞ்சம் சரிந்திருந்தது. ஓரத்தில் ரத்தினத்தின் விரல் மங்கலாகத் தெரிந்தது. நான்கு பற்களும் வெளிச்சத்தில் முன்னால் நின்றன. பிரிஜாவின் கட்டைவிரல் வழக்கம்போல் திருத்துகிற பொத்தானுக்குப் போனது. விரலை எடுத்துவிட்டு, படத்தை அப்படியே அனுப்பினாள்.

உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

முடிவு பண்ணியாச்சா என்று டாக்டர் ஆன்ஸ்லின் கேட்டார். ஆமாம் என்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்தபோது கதவுக்கு வெளியே ரத்தினத்தின் குரல் கேட்டது. கஞ்சி சூடாகக் கொடுக்கலாமா, ஆற்றித்தான் கொடுக்க வேண்டுமா, உப்புப் போடலாமா, எத்தனை நாளைக்கு என்று நர்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளில் அவள் இவ்வளவு பேசிப் பிரிஜா கேட்கவில்லை.

"வாயை நல்லாத் திறங்க," என்றார் டாக்டர்.

பிரிஜா திறந்தாள்.